பதினான்காம் ஓட்டத்தில் ஒரு ‘ம்’

ஓட்டம் பதினான்கு. வண்டிக்குள் இருந்தவர்கள்: ஆடிட்டர், நான். இல்லாதவர்: வாரண்ட் சார்.

என் நோட்டில் பென்சிலால் எழுதிய வரி இது. எங்கள் வேலையில் இதை எழுதியே ஆக வேண்டும். ஓடுகிற காருக்குள் சத்தத்தைப் பதிவு செய்யும்போது உள்ளே யார் யார் இருந்தார்கள், வழக்கமாக ஏறுகிறவர்களில் யார் இல்லை என்று குறித்துவிட வேண்டும். மனித உடம்பு சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். கனத்த ஆள் ஒருவர் பின்சீட்டில் உட்கார்ந்தால் எஞ்சினின் மேல் சுருதி கொஞ்சம் மங்கும். ஒரு கம்பளிக் கோட்டுகூட வித்தியாசம் காட்டும். அதனால் இந்தக் கணக்கில் மட்டும் நான் தவறவே மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் சொல்லப்போகிற விஷயத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இந்த ஒரு வரிதான்.

வாரண்ட் சார் விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராகச் சேர்ந்து வாரண்ட் ஆபீசராக ஓய்வு பெற்றவர். நாகர்கோவில் பக்கம். அவர் மனைவி டெல்லியில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் எல்லோருக்கும் அவர் சிஸ்டர். மோதி பாக் குவார்ட்டர்ஸில் இருவரும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் வாரண்ட் சார் ஊரில் மனை வாங்குவார் என்று சிஸ்டர் நினைத்திருக்கிறார். அவர் வாங்கியது ஒரு கார். ஏற்கெனவே இரண்டு கை மாறிய, கருநீல நிறத்து, இரண்டு கதவு வண்டி. பின்பக்கம் வலது மூலையில் விரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு. அந்த அம்பைத் தெரிந்தவர்களுக்கு அது போதும். அந்தக் கம்பெனி ஒரு காலத்தில் பந்தயத்துக்கென்று தனியாக ஒரு பட்டறை வைத்திருந்தது. அங்கே கையால் பூட்டிய எஞ்சின் உள்ள வண்டிக்கு மட்டும்தான் அம்பு. டர்போ கிடையாது. எஞ்சின் தன் மூச்சைத் தானே இழுத்து எட்டாயிரம் சுற்று வரை ஏறும்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் லோதி ரோடில் ஓர் அலுவலகக் கட்டிடத்தின் காலியான பார்க்கிங்கில் கூடுவோம். சில வாரம் பத்துப் பேர் வருவார்கள், சில வாரம் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான்: வாரண்ட் சார், ஆடிட்டர், நான். ஆடிட்டர் டெல்லியிலேயே பிறந்தவர். அப்பா மத்திய அரசில் பெரிய பதவி. தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. நான் விழுப்புரம் பக்கத்துச் செங்கல் சூளையிலிருந்து படித்து வந்தவன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குள் போனவர் யாரும் கிடையாது. எனக்குக் கார் கிடையாது. வாரண்ட் சார் வண்டியின் இடது சீட்டுதான் என் இடம். முடிந்து திரும்பும்போது ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சிஸ்டர் கொடுத்த சீட்டைப் பார்த்து நேந்திரம்பழம், புட்டுமாவு எல்லாம் வாங்கிக்கொண்டு போவோம். பந்தய வண்டியின் டிக்கியில் எப்போதும் ஒரு பழ வாசனை இருக்கும்.

எங்கள் சண்டையெல்லாம் அந்த அம்பைப் பற்றித்தான். கம்பெனி இப்போது அதை எல்லாவற்றிலும் ஒட்டத் தொடங்கியிருந்தது. டீசலில் ஓடுகிற குடும்ப வண்டியில் அம்பு, சீட்டு உறையில் அம்பு, சாவிக்கொத்தில் அம்பு. ஆடிட்டர் புதிதாக வாங்கிய பேட்டரி கார் ஆள் உயரத்துக்கு இருக்கும். அதன் பின்னால் உள்ளங்கை அகலத்தில் அம்பு.

“வாரண்ட் சார், சீரியஸா கேக்கறேன்,” என்பார் ஆடிட்டர். “ஜீரோலேர்ந்து நூறு போக என் வண்டிக்கு நாலு செகண்ட். உங்களுக்கு அஞ்சரை. அப்போ எது ஸ்போர்ட்ஸ் கார்?”

“ஆஸ்பத்திரி லிஃப்டுகூடத்தான் ஜல்தியா மேல போவுது. அதுல ஏறி நிக்கவன் பைலட்டா வே?”

“அரே, லிஃப்ட் வேற சார்.”

“என்ன வேற? நீரும் பட்டன அமுக்குதீரு, அவனும் அமுக்குதான். இப்பம் கொடையிலயும் அம்பு ஒட்டி விக்கானாமே. மழையில விரிச்சா அது எத்தன ஆர்.பி.எம். வரும்னு கேட்டுச் சொல்லும்.”

பார்க்கிங் ஓரத்து டீக்கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரியும். ஆடிட்டர் விட மாட்டார். பத்துப் பேர் ஸ்டிக்கர் வாங்கினால்தான் பதினோராவது ஆளுக்கு நிஜ எஞ்சின் செய்து கொடுக்கக் கம்பெனிக்குக் கட்டுப்படியாகும், ஹிசாப் போட்டுக் கணக்குப் பாருங்கள் என்பார். எனக்கு அது நியாயமாகவே படும். வாய் திறக்க மாட்டேன். திறந்தால் என் பிழைப்பு வெளியே வந்துவிடும் என்ற பயம்.

என் பிழைப்பு இதுதான்: சத்தமில்லாத வண்டிகளுக்குச் சத்தம் செய்து கொடுக்கும் ஒரு லேபில் வேலை. பேட்டரி வண்டி ஓடும்போது ஒரு சத்தமும் வராது. வாங்கியவனுக்கு வேகமாகப் போகிற மாதிரியே இருக்காது. அதனால் எஞ்சின் உறுமுகிற சத்தத்தைத் துண்டு துண்டாக வெட்டி, கால் அழுத்துகிற அளவுக்கு ஏற்ப உள்ளேயிருக்கும் ஸ்பீக்கரில் வரவைப்போம். ஊரில் அப்பா ஒரு தடவை போனில் கேட்டார், “சத்தம் போடுற வேலையாப்பா?” “சத்தம் செய்யுற வேலைப்பா.” “அதுக்கா இம்மாம் படிப்பு?” என்றார். வாரண்ட் சாரிடம் லேபில் வேலை என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஸ்பீக்கர் சத்தம் என்று யாராவது எடுத்தாலே அவர் முகம் சுருங்கும். “பல்செட்டு மாட்டிட்டு முறுக்கு திங்கமாதிரி” என்பார். அவர் சாகும் வரை நான் சொல்லவில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கியர் மாற்றுவதற்கு முன் ‘ம்’ என்பார். காலை எடுக்கிற அதே நொடியில் ஒரு ‘ம்’, பிறகு கை நகரும். கதை கேட்கிற பிள்ளை ம் கொட்டுமே, அப்படித்தான். எஞ்சின் ஏதோ சொல்லி முடித்ததுபோலவும் அதை அவர் கேட்டுக்கொண்டதுபோலவும் இருக்கும். விமானப்படையில் எப்போதோ மூக்கு உடைந்ததால் அந்த ‘ம்’மின் கடைசியில் மெல்லிய விசில் ஒன்று இழுபடும். வீட்டிலும் அதே ‘ம்’தான். சிஸ்டர் பொரிந்து தள்ளுவார்: “முப்பத்தோரு வருசமா நான் பேசிட்டே இருக்கேன் தம்பி. இந்த மனுசன் எனக்குச் சொன்ன ஒரே வார்த்தை இதுதான். இதுவும் வார்த்தையில சேத்தியான்னு நீங்க படிச்சவங்க சொல்லுங்க.”

ஒரு குளிர்காலக் கடைசியில் அவர் வண்டியின் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளக் கேட்டேன். “என்னத்துக்கு மக்கா?” என்றார். ஞாபகத்துக்கு என்றேன். “மறந்துட்டுப் போற சத்தமா இது?” என்றார், ஆனால் ஒத்துக்கொண்டார். துவாரகாவுக்கு அப்பால், இன்னும் திறந்துவிடாத ஒரு சாலைத் துண்டுக்கு விடிந்தபின் போனோம். இரண்டு பக்கமும் பனிமூட்டம். ஓட்டுநர் தலைக்குப் பக்கத்தில் ஒரு மைக், எஞ்சினருகே இரண்டு. ஓட்டம் முடியும் வரை யாரும் பேசக்கூடாது, இருமக்கூடாது என்று அவரிடம் சொன்னேன். பதின்மூன்று ஓட்டம் அவரே ஓட்டினார். பழைய எஞ்சின் என்ற கரிசனத்தில் ஆறாயிரம் சுற்றைத் தாண்டவில்லை.

அப்போது ஆடிட்டர் கெஞ்சத் தொடங்கினார். ஒரே ஒரு தடவை, சார், ப்ளீஸ். வாரண்ட் சார் அந்தச் சாவியை வேறொருவர் கையில் கொடுத்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். தன் வண்டியில் தானே பாசஞ்சராக உட்கார மாட்டேன் என்று இறங்கி, சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்துகொண்டார். நான் லேப்டாப்போடு இடது சீட்டில். நகர்ந்ததும் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். உட்கார்ந்தபடியே அவர் இடது கையை நீட்டிக் காற்றில் கியர் போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரத்தில் பனி அவரை மூடிவிட்டது. ஆடிட்டர் எந்தக் கரிசனமும் இல்லாமல் மிதித்தார். முள் ஒரே மூச்சில் எட்டாயிரத்தைத் தொட்டது.

திரும்பி வந்தபோது வாரண்ட் சார் சொன்னார்: “மூணுலேருந்து நாலுக்கு லேட்டாப் போட்டீரு. நான் ‘ம்’னு சொன்னேனே, கேக்கலியா வே?”

“ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்னு சொன்னா எப்படி சார் கேக்கும்?” ஆடிட்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மழைக்காலத்தில் ஒரு பிற்பகல் வாரண்ட் சார் இறந்துபோனார். இருதயம். வீட்டில் தனியாக இருந்தார். அன்று காலை டியூட்டியிலிருந்து சிஸ்டர் போன் செய்திருக்கிறார். ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம்தான், ஊருக்குப் போனால் எங்கே குடியிருப்பது என்று ஏதோ நீளமாகக் கேட்டிருக்கிறார். வழக்கம்போல ‘ம்’ என்றிருக்கிறார் அவர். “உங்க வாயில வேற எழுத்தே கிடையாதா?” என்று கத்திவிட்டு சிஸ்டர் போனை வைத்துவிட்டார். அதுதான் கடைசி. அடக்கத்துக்கு வந்த எல்லோரிடமும் இதைச் சொன்னார். கேட்டவர்கள் பிரார்த்தனை செய்வதாகச் சொல்லிப் போனார்கள்.

வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிய இரண்டு மாதம் இருந்தது. பதினைந்தான பெட்ரோல் வண்டி டெல்லியில் ஓட முடியாது. வெளி மாநிலத்துக்குப் பதிவை மாற்றிக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் உடைப்புக்குப் போட வேண்டும். ஊருக்கே கொண்டுபோகிறேன் என்று சிஸ்டர் உறுதியாக இருந்தார். அவருக்கு ஓட்டத் தெரியாது. “முற்றத்துல நிக்கட்டும். காலையில ஒரு தடவை யாராவது ஸ்டார்ட் பண்ணினா போதும்” என்றார். பதிவை மாற்றும் அனுமதிச் சீட்டுக்கு நான் அலைந்தேன். லாரிக்கு ஆடிட்டர் ஆள் பிடித்துவிட்டார். அம்புப் பட்டறையில் கையால் பூட்டிய எஞ்சின் ஒன்று எங்கேயோ ஒரு முற்றத்தில் காலைதோறும் உறுமும் என்று நினைத்துக்கொள்வதே எங்கள் இருவருக்கும் பெரிய ஆறுதலாக இருந்தது.

அடக்கத்துக்குப் பிறகு என் வேலை என்னவென்று ஆடிட்டரிடமும் சிஸ்டரிடமும் சொல்லியிருந்தேன். அப்போதுதான் ஆடிட்டர் கேட்டார், பதிவு செய்த அந்தச் சத்தத்தைத் தன் வண்டியில் போட முடியுமா என்று. அது கேலிக்கான கேள்வியல்ல. லேபில் வீணாகக் கிடந்த ஒரு சிறு பெட்டியை எடுத்து அவர் வண்டியின் ஸ்பீக்கரோடு இணைத்தேன். வாரண்ட் சார் ஓட்டிய பதிவுகள் ஆறாயிரத்தோடு நின்றுவிட்டதால், முழுதாக ஏறி இறங்கிய பதினான்காம் ஓட்டத்தையே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஆடிட்டரிடமிருந்து போன். “அரே, என் வண்டியில யாரோ இருக்காங்க.”

“என்ன சார் சொல்றீங்க?”

“மிதிச்சிட்டுக் காலை எடுக்கறேன்ல, அப்போ பின்னாடிலேர்ந்து ‘ம்’னு ஒரு சவுண்ட். கசம் சே, சத்தியமா. நேத்து பையனை ஸ்கூல்ல விடப் போனேன். அவன் திரும்பிப் பாத்து, அங்கிள் எங்கேன்னு கேக்கறான்.”

போய் உட்கார்ந்து கேட்டேன். கால் எடுத்ததும், எஞ்சின் சத்தம் தணிகிற இடத்தில், தெளிவாக ஒரு ‘ம்’. நிஜ எஞ்சினின் இரைச்சலுக்கு அடியில் கிடந்தது, சத்தமில்லாத வண்டியில் மேலே வந்துவிட்டது. நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஆடிட்டர், நான். வாரண்ட் சார் இல்லை. அப்படியானால் அது என்னுடைய ‘ம்’மாகத்தான் இருக்க வேண்டும். மூன்று வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். மறுநாள் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிடுவதாகச் சொன்னேன். ஆடிட்டருக்கு அதுவரை பொறுக்கவில்லை. அன்று மாலையே சிஸ்டரிடம் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் காலை, இரவு டியூட்டி முடித்த வெள்ளை உடுப்போடு சிஸ்டர் வந்து ஆடிட்டர் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்தார். ஆடிட்டர் ஓட்டினார், நான் பின்னால். கொஞ்ச தூரம் போனோம். பிறகு சிஸ்டர் யாரிடமோ சாதாரணமாகச் சொல்வதுபோல, “ஐ.என்.ஏ.ல ரெண்டு வாரமா நல்ல நேந்திரம்பழமே வரல்ல” என்றார்.

முன்னால் ஒரு பஸ் நின்றது. ஆடிட்டர் காலை எடுத்தார்.

‘ம்.’

சிஸ்டர் மடியிலிருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வண்டி மறுபடி வேகமெடுத்தது. மேம்பாலத்தில் ஏறும்போது பேசத் தொடங்கினார். அன்றைக்குக் கோபத்தில் போனை வைத்தது, திரும்பக் கூப்பிட நினைத்தது, வார்டில் ஒரு கேஸ் வந்துவிட்டது, அப்புறம் மறந்துபோனது. “மறந்தே போயிட்டேங்க. கேக்குதா?” சிக்னல் சிவப்புக்கு மாறியது. சிக்னல் பக்கத்தில் வரும் வரை ஆடிட்டர் காலை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும். எடுக்காமல் வழியில்லை.

‘ம்.’

சிஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார். அழவில்லை. நாடி பிடித்துப் பார்க்கிறவரின் முகம். “தம்பி, இது உங்க வேலை. உங்களுக்குத்தான் தெரியும். இது அவருதானே?”

நோட்டு என் பையில் இருந்தது. அதைத் திறந்து அந்த வரியைக் காட்டியிருக்கலாம். அன்று அவர் வண்டியில் இல்லை சிஸ்டர், இது நான், என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் பரம்பரையில் முதல்முதலாக எழுதப் படிக்கத் தெரிந்த எனக்கு, என் கையால் எழுதிய ஒரு வரியை அவர் முன்னால் படிக்கத் துணிவு வரவில்லை. நான் ‘ம்’ என்றேன்.

ஊருக்குக் கொண்டுபோகும் பேச்சு அன்றோடு நின்றுவிட்டது. “அந்த இரும்பை எதுக்கு லாரியில ஏத்தி அலைக்கழிக்கணும்? அவரு இங்க இருக்காருல்ல” என்றார். வாரம் இரண்டு நாள் ஆடிட்டர் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டில் விடுவார். வழி முழுக்க சிஸ்டர் பேசுவார், ஆடிட்டர் வேண்டுமென்றே அடிக்கடி காலை எடுப்பார். அனுமதிச் சீட்டு என் பையிலேயே மடிந்து கிடந்தது. பதினைந்து முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் உடைப்பு மையத்தின் கிரேன் வந்தது. சிஸ்டர் டியூட்டியில் இருந்தார். கையெழுத்து ஏற்கெனவே போட்டுவிட்டார். வாங்குகிறவர்கள் அம்பைக்கூடத் தனியாகக் கழற்றவில்லை.

வண்டி போன பிறகுதான், சொன்ன பொய்யை அளந்து பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. லேபின் அடைத்த அறையில் ஐம்பது தடவை ‘ம்’ சொல்லிப் பதிவு செய்தேன். பதினான்காம் ஓட்டத்தின் ‘ம்’மோடு திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஆடிட்டரை வரவழைத்து அவரையும் சொல்லவைத்தேன். பொருந்தவில்லை. அதன் கடைசியில் மெல்லிய ஒரு விசில் இழுபட்டது. எங்கள் இருவர் மூக்கும் நேராகத்தான் இருக்கின்றன. சரி, வாரண்ட் சாருடைய குரலோடு ஒப்பிடலாம் என்று அவர் ஓட்டிய பதின்மூன்று பதிவுகளையும் ஒரு நாள் முழுக்கக் கேட்டேன். கியர் மாறுகிற ஒவ்வோர் இடத்திலும் நிறுத்திக் கேட்டேன். ஒரு ‘ம்’கூட இல்லை. பேசக்கூடாது என்று நான் சொன்னதற்காக, அது இல்லாமல் கியரே மாற்றத் தெரியாத மனிதர், பதின்மூன்று ஓட்டமும் அடக்கிக்கொண்டிருக்கிறார். அவர் இருந்த பதிவுகளில் அவர் இல்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வெயிலில் போய் நின்றேன். ஆடிட்டரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

சிஸ்டரிடம் சொல்லலாம் என்று கிளம்பிய வாரத்தில், அம்புக் கம்பெனி தன் பேட்டரி வண்டிகளுக்கெல்லாம் ஒரு புது அப்டேட் அனுப்பியது. காலையில் ஆடிட்டர் வண்டியைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் பெட்டியை வண்டி ஏற்கவில்லை. எத்தனை தடவை இணைத்தும் வெளியே தள்ளியது. அதற்குப் பதில் கம்பெனியே கொடுத்த புது அம்புச் சத்தம், பெரிய குழாயில் காற்று போவதுபோல. எங்கேயோ என்னைப் போன்ற ஒருவன் செய்ததாக இருக்கும்.

அன்று மாலை சிஸ்டர் ஏறினார். நாங்கள் சொல்வதற்குள் பேசத் தொடங்கிவிட்டார். ஓய்வு உத்தரவு வந்துவிட்டது, நாகர்கோவிலில் தங்கச்சி வீட்டு மாடி காலியாக இருக்கிறது, அங்கே போகலாமா என்று கேட்டார். ஆடிட்டர் காலை எடுத்தார். குழாயில் காற்று போனது. மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை கேட்கவில்லை. என் போனில் அந்தத் துண்டு இருக்கிறது, போடட்டுமா என்றேன். தலையாட்டி மறுத்தார்.

“நான் பேசினப்புறம் அதுவா வந்தாத்தான் தம்பி பதில். நீங்க போட்டா அது ரிக்கார்டு.”

மோதி பாக் வாசலில் இறங்கும்போது, வழக்கமாக வாரண்ட் சாரின் வண்டி நிற்கும் இடத்தைப் பார்த்தார். வேறு யாருடையதோ ஒரு ஸ்கூட்டர் நின்றது. “வச்சிருக்கலாம், இல்ல?” என்றார்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். வேலை இல்லாவிட்டாலும் எழுதினேன். வண்டிக்குள் இருந்தவர்கள்: சிஸ்டர், ஆடிட்டர், நான். இல்லாதவர் என்று எழுதி, அதற்கு மேல் பென்சில் நகரவில்லை. பதினான்காம் ஓட்டத்துக்குப் பக்கத்தில் நான் எழுதிய வரியையும் இன்றுவரை அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. அந்தப் பக்கத்துக்குள்தான் உடைப்பு மையத்தின் ரசீதை மடித்து வைத்திருக்கிறேன். சிஸ்டர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. கருநீல இரண்டு கதவு வண்டி ஒன்று, எஞ்சினோடு, எடை போட்டு, பிடித்தம் போக: ஐம்பத்தோராயிரத்து முந்நூறு ரூபாய்.